மூடாத கதவும் ஆங் மோ கியோ கரப்பான்களும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

இந்த மாதக் கடைசியில் நான் மருத்துவமனையின் நரம்புப் பரிசோதனைப் பிரிவுக்கு மாறிப் போகிறேன். "எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டுப் போங்கக்கா" என்று கேட்டீர்கள். உப்புக் கரைசல் கலப்பது, கண்ணாடி ஊசி இழுப்பது, தவளை வாங்கத் தேக்கா சந்தையில் எந்தக் கடைக்குப் போவது, நஞ்சுக் குப்பிகளை எந்தக் குளிர்பெட்டியில் வைப்பது என்பதெல்லாம் அலமாரியில் இருக்கும் கோப்பில் வரிசையாக இருக்கின்றன. நான் பட்டியல் போடுகிறவள் என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். ஆனால் சில விஷயங்களைப் பட்டியலில் ஏற்ற முடியவில்லை. அவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். நான் சேர்ந்த புதிதில், தேள் நஞ்சு சொட்டிய ஒரு தவளை நரம்பு சீரான இடைவெளியில் துடிக்கத் தொடங்கியது. அப்படி ஒரு ஒழுங்கான துடிப்பை யாரும் பார்த்ததில்லை. ஓடிப்போய்ப் பேராசிரியரைக் கூட்டி வந்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. போய் ஜன்னலைத் திறந்தார். எதிரே புதிய கட்டடத்துக்கு அஸ்திவாரக் கம்பம் அடித்துக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் ஓர் அடி அடிக்கும், மேசை அதிரும், எங்கள் நரம்பு ஒரு துடிப்புத் துடிக்கும். கட்டட ஆட்கள் சாப்பிடப் போனார்கள். நரம்பும் ஓய்ந்தது.

அன்றிலிருந்து என் எல்லாப் பட்டியல்களிலும் முதல் வரி ஒன்றுதான்: நஞ்சு இல்லாமலும் இது வருமா? எழுதி வைப்பது சுலபம். சுற்றி எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது அதைக் கேட்பதுதான் கஷ்டம். நான் சொல்ல வந்த கதை அதைப் பற்றியது.

எழுபதுகளின் கடைசியில் எங்களோடு அந்தோணி என்ற ஆராய்ச்சி மாணவர் இருந்தார். என் வயதுதான். இந்தியாவிலிருந்து உலர்த்திச் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்ட செந்தேள் நஞ்சுதான் அவருடைய ஆராய்ச்சிப் பொருள். அது என்ன செய்யும் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். இருந்தாலும் ஒரு முறை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நரம்பின் மெல்லிய உறையில் சோடியம் அயனிகள் நுழைவதற்கென்றே நுண்ணிய வாய்க்கால்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு. கதவு திறந்தால் சோடியம் உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சல்தான் நரம்பில் ஓடும் செய்தி. திறந்த வேகத்திலேயே கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும். மூடினால்தான் செய்தி முடியும். பேத்தை மீனின் நஞ்சு இந்தக் கதவைத் திறக்கவே விடாது. அதனால் உடம்பு மரத்துப்போகிறது. செந்தேளின் நஞ்சு அதற்கு நேர் எதிர். வெளிப்பக்கமாக வந்து ஒட்டிக்கொண்டு, திறந்த கதவை மூட விடாமல் பிடித்துக்கொள்ளும். சொல்லி முடித்த பிறகும் நரம்பு சொல்லிக்கொண்டே இருக்கும். தேள் கொட்டியவருக்கு வியர்த்துக் கொட்டுவதும் வாயில் எச்சில் ஊறுவதும் நெஞ்சு படபடப்பதும் இதனால்தான்.

அந்த நஞ்சு ஒரே பொருள் அல்ல. பல புரதங்களின் கலவை. அந்தோணி அதைக் கூறு கூறாகப் பிரித்தெடுத்தார். முதல் மூன்று கூறுகள் தவளை நரம்பை என்ன செய்யுமென்று மற்றவர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். நான்காம் கூறு அந்தோணியுடையது. யாரும் அதுவரை அதைத் தனியாகப் பிரித்ததில்லை. அதைச் சுத்தமாக்குவதிலேயே அவருடைய காலம் பெரும்பாலும் போய்விட்டது. கடைசியில் ஒரு சிறு குழாயின் அடியில் உப்புத் துகள் போலக் கொஞ்சம் வெள்ளைப் பொடி கிடைத்தது. அதைத் தவளை நரம்பில் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. எலியின் நரம்பில் போட்டார். அதற்கும் ஒன்றுமில்லை.

அடுத்த புதன்கிழமை ஆய்வுக் குழு கூடவிருந்தது. காட்டுவதற்கு ஏதாவது இருந்தால் ஒரு வருடம் நீட்டிப்பார்கள், முனைவர் பட்டத்துக்குப் போகலாம். இல்லையென்றால் இருப்பதை எழுதி முடித்து, சிறிய பட்டத்தோடு வெளியே போக வேண்டும். அந்தோணியின் மாமா கப்பல் கம்பெனியில் அவருக்கு ஒரு வேலை பேசி வைத்திருந்தார்.

"நல்ல வேலைதான்" என்றார் அந்தோணி ஒரு மத்தியானம், கேன்டீனில் தேநீரை ஆற்றிக்கொண்டே. "ஏசி ரூம். டை கட்டணும். தேளக் கண்ணாலயும் பாக்க வேணாம்."

"தேள் எதத் தின்னும்?" என்று கேட்டேன்.

"என்ன திடீர்னு? பூச்சி தின்னும்."

"தவளை தின்னுமா?"

"தவளைதான் தேளத் தின்னும் லா."

சொல்லிவிட்டு அவரே டம்ளரைக் கீழே வைத்தார். தேள் நஞ்சு வைத்திருப்பது எதற்கு? இரையைப் பிடிக்க. நாங்களோ அது வாழ்நாளில் சாப்பிடாத பிராணிகளின் நரம்புகளில் அதைச் சொட்டிச் சொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். பூச்சிகளின் கதவைப் பிடிப்பதற்கென்றே தேளிடம் தனி நஞ்சு இருக்கலாம் என்று வெளிநாடுகளில் சிலர் எழுதத் தொடங்கியிருந்த காலம் அது. ஈயின் நரம்பு எங்கள் வெள்ளிக் கம்பிக்கு மிகவும் சிறியது. பெரிய சிவப்புக் கரப்பானுக்குத்தான் தடித்த நரம்பு.

பேராசிரியர் சம்மதித்தார். அவர் சீனர், அதிகம் பேசாதவர். இருக்கிற பொடி முழுவதையும் ஒரே தடவையில் பயன்படுத்தச் சொன்னார். கொஞ்சமாகப் போட்டு ஒன்றும் தெரியாமல் போனால் எல்லாமே வீண் என்பது அவர் கணக்கு. நான் இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். ஒரு தடவைதான் செய்யலாம் என்றால், அந்த ஒரு தடவையில் தவறு நடந்ததா என்பதைக்கூடத் தெரிந்துகொள்ள முடியாது. அந்தோணி முணுமுணுத்துக்கொண்டே பிரித்தார். இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: கையிலிருப்பது எவ்வளவு குறைவானாலும் பாதியை எடுத்து வையுங்கள். குறைவாக இருக்கும்போதுதான் அது முக்கியம்.

அடுத்த கேள்வி, கரப்பானுக்கு எங்கே போவது?

அந்தோணி தினமும் மதியம் சாப்பிடும் கடை சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முதலாளி ஊரிலிருந்து வந்து பல வருடமானவர், கல்லாவில் அவரே உட்காருவார். மதியக் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து இருவரும் போனோம். என் கையில் வழக்கம்போல் கிளிப் வைத்த அட்டையும் பேனாவும் இருந்தன. அதை விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும்.

"அண்ணே, ஒரு உதவி வேணும்" என்றார் அந்தோணி. "உங்க கிச்சன்ல கரப்பான் இருக்கா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் கையை இலையிலேயே நிறுத்தினார்கள்.

"இவங்க யாரு?" என்று முதலாளி என் அட்டையைப் பார்த்தார்.

"என்கூட வேலை பாக்கறவங்க. யுனிவர்சிட்டிலேருந்து வரோம்."

"யுனிவர்சிட்டியா, சுகாதார ஆபீஸா?"

"ஆராய்ச்சிக்குங்க. பெருசா நாலஞ்சு கெடைச்சா போதும்" என்றேன் நான்.

"ஒண்ணு கெடைச்சாலே கடைய மூடிடுவாங்கம்மா, நாலஞ்சு கேக்கறீங்களே! தம்பி, டெய்லி வந்து என் கையால மீன் கறி வாங்கிச் சாப்பிடற ஆளு நீ. இப்படி ஒரு வேலை பாக்கலாமா?"

"சத்தியமா இன்ஸ்பெக்டர் இல்லண்ணே!"

"இன்ஸ்பெக்டரும் இப்படித்தான் சொல்வாரு. எங்க கடையில கரப்பான் கெடையாது. எறும்புகூட என்னக் கேட்டுத்தான் உள்ள வரும்."

பல்கலைக்கழக அடையாள அட்டையைக் காட்டினோம். அதில் முத்திரையைப் பார்த்ததும் அவர் இன்னும் பயந்துவிட்டார். சாப்பிட்டதற்குக் காசு வேண்டாமென்றார். நாங்கள் எதுவும் சாப்பிடவே இல்லை.

மறுநாள் காலையில் வேறு வழியில்லாமல் அந்தக் கடைக்குப் பின்னால் இருக்கும் சந்துக்கே போனோம், லோங்காங்கில், அதாவது சாக்கடையில், ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க. அதிர்ஷ்டம் எங்கள் பக்கம் இருந்தது போலத் தெரிந்தது. நல்ல வெயிலில், சாக்கடை ஓரமாக, பெரிய சிவப்புக் கரப்பான்கள் வெளியே வந்து நின்றுகொண்டிருந்தன. குனிந்து எடுத்தால் வந்தன. பிஸ்கட் டின் நிறைய எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா டின்னில் என்ன என்று கேட்டபோது அந்தோணி "முறுக்கு" என்றார்.

அன்றே சோதனை. கரப்பானைக் குளிரவைத்து மயக்கி, வயிற்றில் ஒரு சொட்டு நஞ்சுக் கரைசலைச் செலுத்துவோம். கொஞ்சம் பொறுத்துத் திறந்து நரம்பை வெள்ளிக் கம்பியின் மேல் தூக்கி வைப்போம். நரம்பின் துடிப்புத் திரையில் பச்சைக் கோடாகத் தெரியும், ஒலிபெருக்கியிலும் கேட்கும். அமைதியான நரம்பென்றால் அவ்வப்போது ஒரு டிக் சத்தம் வரும். அவ்வளவுதான்.

அன்று ஒலிபெருக்கி எண்ணெய்ச் சட்டியில் கடுகு போட்டது போல வெடித்தது. நிற்கவே இல்லை. அந்தோணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினார். பேராசிரியர் வந்தார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எல்லோரும் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். யாரோ திரையைப் படம் எடுத்தார்கள். குழுவுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை அன்று போக வேண்டும். இதை அதில் சேர்த்துவிடு என்று பேராசிரியர் அந்தோணியின் தோளைத் தட்டினார். அவர் யார் தோளையும் தட்டி நான் பார்த்ததில்லை.

மேசையின் ஓரத்தில் இன்னொரு கரப்பான் இருந்தது. அதற்கு நஞ்சு இல்லை, வெறும் உப்புத் தண்ணீர் மட்டும் செலுத்தியிருந்தேன். இந்தக் கொண்டாட்டத்தில் அதை யாரும் தொடவில்லை.

கல்யாண மேடையில் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது ஏறிப்போய் மாப்பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் கேட்பது எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு. அந்தோணியின் பக்கத்தில் போய்த் தமிழில் மெதுவாகச் சொன்னேன்.

"உப்புத் தண்ணி போட்டத இன்னும் பாக்கல."

"நாளைக்குப் பாக்கலாம் லா."

"அறிக்கை இன்னிக்கே போகுதே."

"வசந்தா, நீ என் பக்கமா, கரப்பான் பக்கமா?"

"பட்டியல்ல முதல் வரி அதுதான்."

"உன் பட்டியலக் கொண்டுபோய் லோங்காங்ல போடு!"

இருவரும் என்ன சண்டை போடுகிறீர்கள் என்று பேராசிரியர் கேட்டார். ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போகவில்லை, ஆனால் கொஞ்சம் தூரம் போய் நின்றது. "அறிக்கை சாயங்காலம்வரை காத்திருக்கும். செய்யுங்கள்" என்றார்.

செய்தோம். நரம்பைக் கம்பியில் வைத்ததுமே கடுகு வெடித்தது. அதே சத்தம். அதே நிற்காத பச்சைக் கோடு. அதையும் படம் எடுத்தேன். பக்கத்து அறைக்காரர்கள் இருவரும் சத்தமில்லாமல் வெளியே போனார்கள். அந்தோணி எழுந்துபோய் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

இந்த இடத்தில் இரண்டு தவறுகள் செய்ய முடியும். ஒன்று, இரண்டாவது கரப்பானில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டு முதலாவதை வைத்துக்கொள்வது. மற்றது, எல்லாம் போச்சு என்று எழுந்து போவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்விதான் இருக்கிறது: நஞ்சே படாத நரம்பு ஏன் இப்படிக் கத்துகிறது? காலையில் நடந்ததை மனத்துக்குள் வரிசையாக வைத்துப் பார்த்தேன். வெயில். சாக்கடை ஓரம். குனிந்து எடுத்தால் வந்தது. கரப்பான் வெளிச்சத்தைக் கண்டால் ஓடுமே, இவை ஏன் ஓடவில்லை?

மத்தியானமே கடைக்குத் திரும்பிப் போனோம். முதலாளி எங்களைப் பார்த்ததும் இந்த முறை பயப்படவில்லை. எழுந்து வந்து சமையலறைக் கதவை அவரே திறந்துவிட்டார்.

"வாங்க, வாங்க, நல்லாப் பாத்துக்குங்க! நீங்க போன கையோட ஆள வரச்சொல்லி மருந்து அடிச்சாச்சு. மூலை, முடுக்கு, பின்னால சாக்கடை வரைக்கும். இனிமே ஒண்ணு பாத்தீங்கன்னா என் பேர மாத்திக்கிறேன்."

அந்தோணி சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். முதலாளி என்னைப் பார்த்து, "என்னம்மா, தம்பிக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

கரப்பான் மருந்துகளில் பல, பூச்சி நரம்பின் அதே சோடியக் கதவைத்தான் பிடித்துக்கொள்கின்றன, மூட விடாமல். தேளும் மருந்துக் கம்பெனியும் ஒரே கதவில் கை வைத்திருக்கிறார்கள். கொஞ்சமாக மருந்து பட்டுச் சாகாமல் தப்பித்தவற்றைத்தான் நாங்கள் டின் நிறையப் பொறுக்கி வந்திருந்தோம். அந்த மருந்தை அடிக்க வைத்ததும் நாங்கள்தான், என் கிளிப் அட்டையோடு போய் நின்று.

அறிக்கையில் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு மற்றதைப் பேராசிரியர் அனுப்பினார். "இன்னும் பாதி இருக்கிறதல்லவா?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. ஒரே ஒரு கரப்பானுக்குப் போதுமான அளவு. ஆனால் மருந்து படாத கரப்பான் சிங்கப்பூரில் எங்கே இருக்கிறது? உட்கார்ந்து பட்டியல் போட்டேன். சந்தை, உணவுக் கடைகள், மாணவர் விடுதி, பஸ் நிலையம், எங்கள் கட்டடம். எல்லா இடத்திலும் ஆள் வந்து அடிக்கிறார்கள். ஒவ்வொன்றாகக் கோடு போட்டு நீக்கிக்கொண்டே வந்தேன்.

"எங்க வீட்ல அடிக்கறதில்ல" என்றார் அந்தோணி கடைசியில். "அப்பா மெர்போக் வளக்கறாரு. மருந்து வாசனை அதுக்கு ஆகாதுன்னு டின்ன வாசல் தாண்டி உள்ள விடமாட்டாரு."

"அப்ப கரப்பான் இருக்குமே!"

"இருக்கு. ஆனா அம்மா ஒத்துக்க மாட்டாங்க. ஒனக்கு எங்கம்மாவத் தெரியாது."

சனிக்கிழமை ஆங் மோ கியோவில் அடுக்குமாடியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனோம். வீடு பளபளவென்று இருந்தது. அன்று மாலை தேவாலயத்து ஜெபக் குழு அவர்கள் வீட்டில் கூடுவதாக இருந்தது. அந்தோணியின் அம்மா மாதா படத்துக்கு முன்னால் பூ வைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் ஓரத்தில் கூண்டு தொங்கியது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு சிறிய புறா, அதுதான் மெர்போக். அதன் முன்னால் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார்.

"ஆன்ட்டி, ஒரு உதவி" என்று நான் தொடங்கினேன். இந்த முறை அட்டை கொண்டு போகவில்லை.

கேட்டு முடித்ததும் அவர் மகனைத்தான் பார்த்தார். "ஊர்ப் பொண்ணக் கூட்டியாந்து எங்க வீட்ல கரப்பான் இருக்கான்னு கேக்க வெக்கிறியே, ஒனக்கு வெக்கமா இல்ல? இன்னும் கொஞ்ச நேரத்துல மொத்த ஜெபக் குழுவும் வருது. எங்க வீட்ல அதெல்லாம் கெடையாது."

"நேத்துகூடக் குளிக்கற ரூம்ல..." என்று அப்பா தொடங்கினார்.

"நீங்க பறவையப் பாருங்க!"

அந்தோணி சமையலறை வாசலில் போய் நின்றார். "அம்மா, புதன்கிழமை என்னக் கூப்பிடுவாங்க. காட்டறதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்ல. மருந்து படாத கரப்பான் கெடைச்சா ஒரு வாய்ப்பு. இல்லன்னா மாமா சொன்ன வேலைக்குப் போறேன். கோபத்துல சொல்லல. நெஜமாவே போயிடறேன்."

அம்மா பூத்தட்டைக் கீழே வைத்தார். "ஏன்டா, இத்தன வருஷப் படிப்பு ஒரு கரப்பான்லயா வந்து நிக்குது?"

"ஆமாம்மா."

பிறகு அவர் அலமாரியிலிருந்து ஒரு பெரிய காலி டின்னை எடுத்து என் கையில் கொடுத்தார். குரலைத் தாழ்த்தினார். "சுவத்துல குப்பை போடற குழாய் மூடியத் தொறந்து உள்பக்கம் பாரும்மா. ஆனா ஒண்ணு, மேல் மாடியிலேருந்து எறங்கி வந்ததுன்னு எழுது. அதுதான் உண்மையும்கூட."

ஜெபக் குழுவின் முதல் ஆள் கதவைத் தட்டுவதற்குள் டின் நிறைந்துவிட்டது. அவை நன்றாக ஓடின. ஒன்று என் கைமேல் ஏறி முழங்கைவரை போனது. அதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படும் பெண்ணை ஆன்ட்டி பார்த்திருக்க மாட்டார்.

திங்கட்கிழமை, முதலில் உப்புத் தண்ணீர்க் கரப்பான்கள். ஒன்றல்ல, வரிசையாக ஐந்தாறு செய்தோம். ஒலிபெருக்கியில் ஒரு டிக். நீண்ட அமைதி. இன்னொரு டிக். வெறும் அமைதியை அந்த அறையில் அப்படிக் கவனமாக யாரும் கேட்டதில்லை. பிறகு அந்தோணி மிச்சப் பொடியைக் கரைத்தார். ஊசியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அவருடைய நஞ்சு, அவருடைய நான்காம் கூறு, அவரே செய்யட்டும் என்று நினைத்தேன். ஒரு நிமிடம் கையை மேசையில் வைத்திருந்துவிட்டுச் செய்தார்.

நரம்பைக் கம்பியில் வைத்தார். ஒரு டிக். பிறகு இரண்டு. பிறகு கடுகு வெடிக்கத் தொடங்கியது, நிற்கவே இல்லை. இந்த முறை யாரும் கத்தவில்லை. பேராசிரியர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இருந்தது ஒரே ஒரு நரம்பு. அதை வைத்து என்ன சொல்ல முடியும் என்று செவ்வாய்க்கிழமை முழுவதும் பேசினோம். 'நான்காம் கூறு பூச்சியின் சோடியக் கதவைப் பிடிக்கிறது' என்று எழுதினால் குழு மகிழும். ஆனால் ஒற்றை நரம்பு ஏதோ அடிபட்டும் கத்தலாம். ஏற்கெனவே அனுப்பிய அறிக்கையோடு நேரில் கொடுக்கும் இணைப்பு அந்தோணியின் பெயரில் போவது, அவரே முடிவு செய்யட்டும் என்றார் பேராசிரியர். கடைசியில் அந்தோணி எழுதியது இதுதான்: ஒரு முறை நடந்தது, மறுபடி நடக்குமா என்று தெரியாது. சந்தில் பொறுக்கிய கரப்பான்களின் நரம்புத் துடிப்புப் படங்கள் இரண்டையும் அதோடு வைத்தார்.

புதன்கிழமை நான் வராந்தாவில் காத்திருந்தேன். வெளியே வந்தவர் நேராகப் போய் மாடிப்படியில் உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன ஆச்சு?"

"தப்பான படத்த எதுக்குக் கொண்டு வந்தேன்னு கேட்டாங்க. அதையும் நான்தான் செஞ்சேன்னு சொன்னேன். நல்லது எத்தனைன்னு கேட்டாங்க. ஒண்ணுன்னேன். மறுபடி செஞ்சு காட்டுன்னாங்க. நஞ்சு தீந்துபோச்சு, அதுக்குத்தான் ஒரு வருஷம் கேக்கறேன்னேன்."

"அதுக்கு?"

"ரொம்ப நேரம் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க." டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். அதுவும் மாமாவின் டைதான். "ஒரு வருஷம் குடுத்துட்டாங்க, வசந்தா. ஆனா ஒரு கண்டிஷன். இனிமே கரப்பான வெளியிலேருந்து கொண்டு வரக் கூடாதாம். நாமே வளக்கணுமாம்."

சிறிது நேரம் அந்தப் படியிலேயே இருவரும் உட்கார்ந்திருந்தோம். பிறகு எழுந்துபோய் ஒரு பழைய மீன் தொட்டியைத் தேடினோம்.

அடுத்த நஞ்சு வந்து சேரவும் நான்காம் கூறு மறுபடி கிடைக்கவும் பல மாதங்களாயின. அதற்குள் குப்பைக் குழாயிலிருந்து வந்தவை குஞ்சு பொரித்துப் பெருகிவிட்டன. நஞ்சு படாத நரம்புகள் ஒவ்வொன்றும் அமைதியாக இருந்தன. நஞ்சு பட்டவை ஒவ்வொன்றும் கத்தின. அந்தோணி பட்டம் வாங்கிய அன்று அந்தச் சந்துக் கடை முதலாளி எங்கள் எல்லோருக்கும் மீன் கறி போட்டார். நாங்கள் எந்த ஆபீஸ் என்று அவருக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.

வராந்தாவின் கோடியில், ரொட்டித் துண்டு போடச் சொல்லி உங்களிடம் சாவி கொடுத்திருக்கும் அந்தச் சிறிய அறையில் இருப்பது அந்தக் குப்பைக் குழாய்க் கரப்பான் குடும்பம்தான். நீங்கள் செய்யப்போகும் ஒவ்வொரு சோதனையும், நஞ்சு படாத ஒரு நரம்பு அமைதியாக இருக்கும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அந்த அமைதி அந்த அறையில்தான் உண்டாகிறது.

மாதத்துக்கு ஒரு முறை, பூச்சி மருந்து அடிப்பவர் முதுகில் டின்னோடு நம் மாடிக்கு வருவார். ஒவ்வொரு முறையும் வேறு ஆள். எல்லோரும் நல்லவர்கள், வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள். கதவில் ஒட்டியிருக்கும் அறிவிப்பை ஒருவரும் படிப்பதில்லை. அதனால் அவர் வரும் காலையில் நான் அந்த அறை வாசலில் போய் நின்றுகொள்வேன். அவர் கடந்து படியிறங்கும்வரை ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன். அடுத்த மாதம் நான் இருக்க மாட்டேன். உங்களில் யாராவது ஒருவர் போய் நில்லுங்கள்.